புதிய கன்சோலுக்கு நீண்ட வரிசை

"சார், நீங்க எனக்குப் பின்னாடிதான். நடுவுல யாராவது நுழைஞ்சா நான் சும்மா இருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார் முன்னால் நின்ற அம்மாள்.

"நானும் விட மாட்டேம்மா" என்று பணிவாகச் சொன்னார் கணக்கதிகாரி.

மின்சாதனக் கடையின் கண்ணாடிக் கதவு இன்னும் திறக்கப்படவில்லை. வரிசையோ நடைபாதையைக் கடந்து, மருந்துக் கடையைச் சுற்றிக்கொண்டு, பக்கத்துத் தெருவுக்குள் போய்விட்டிருந்தது. அத்தனை பேரும் இன்று விற்பனைக்கு வரும் புதிய வீடியோ கேம் கன்சோலுக்காகவே நின்றார்கள்.

அந்தக் கன்சோலைத் தயாரிக்கும் நிறுவனத்தில்தான் அவர் கணக்கதிகாரியாக இருந்தார். சென்ற காலாண்டு முடிவுகளைத் தொகுத்தவர்களில் அவரும் ஒருவர். தொலைக்காட்சிப் பெட்டிகள் ஈட்டிய லாபம் முழுவதையும் கன்சோல் பிரிவு விழுங்கியிருந்தது. புதிய கன்சோலும் விற்காவிட்டால் அந்தப் பிரிவையே மூடிவிடுவதென்று நிர்வாகம் தீர்மானித்திருந்தது. மூடினால், அந்தப் பிரிவின் கணக்குகளைப் பார்க்கும் அவருடைய வேலையும் போய்விடும்.

மனைவியின் அண்ணன் வேறு ஊரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அவருக்கு வேலை பேசி வைத்திருந்தார். சம்பளம் பாதிதான், ஆனால் நிரந்தரம். இன்று காலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கன்சோல் விற்பனையைக் கண்ணால் பார்க்காமல் முடிவெடுப்பது முறையாகாது என்று கருதி, விடுப்பு எடுத்துக்கொண்டு, தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் வரிசையில் வந்து நின்றிருந்தார். அவ்வளவு பெரிய நிறுவனத்தில், அவர் உட்காரும் மாடிக்கு வெளியே அவரை அறிந்தவர் எவருமில்லை.

"உங்க வீட்ல யாரும்மா விளையாடுவாங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"என் மருமகன்தான். கல்யாணமான நாள்லேர்ந்து என்கிட்ட முகம் கொடுத்துப் பேசினதில்ல. இதை வாங்கிக் கொடுத்தாவது வாயைத் திறக்கிறாரான்னு பாக்கறேன்."

பின்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரர் சிரித்துவிட்டார். "இதைக் கொடுத்தீங்கன்னா உங்க பொண்ணுகிட்டயும் பேசறதை நிறுத்திடுவாரும்மா."

"நீங்க யாருக்கு வாங்கறீங்களாம்?"

"எனக்குத்தான். வீட்டுக்காரி கேட்டா ஆபீஸ்ல சும்மா கொடுத்தாங்கன்னு சொல்லிடுவேன்."

கணக்கதிகாரியும் வாய்விட்டுச் சிரித்தார். தான் அப்படிச் சிரித்து வெகுநாளாகிவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"விலை அதிகம்னு சொல்றாங்களே" என்று வேண்டுமென்றே கிளறிப் பார்த்தார். "கொண்டு போறப்போ கை தவறி விழுந்துட்டா?"

"ஒண்ணும் ஆகாது சார். நாலு மூலைக்கும் தனித்தனியா அட்டை மடிச்சு வச்சிருக்காங்க. அடியில நுரைத் தட்டு வேற. மாடியிலேர்ந்து போட்டாலும் உள்ள இருக்கறது அசையாது."

கடையே திறக்கவில்லை, அதற்குள் இந்த அம்மாள் இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறாரே என்று அவர் வியந்தார். விளம்பரச் செலவு வீண் என்று மேலதிகாரியிடம் முறையிட்டவர் அவர். மனத்துக்குள்ளேயே விளம்பரப் பிரிவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கதவு திறந்தது. கூட்டம் கைதட்டியது. தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடினார்கள். அந்தச் சந்தடியில் அவருடைய கைப்பேசி ஒலித்தது.

"மாப்ளே, முதலாளி என் எதிர்லதான் உக்காந்திருக்கார். வர்றீங்களா, இல்லையா?"

"அதில்ல மச்சான், கொஞ்சம் யோசிச்சுப் பாத்தேன்..."

"நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அவர் ரிட்டயர் ஆயிடுவார். தங்கச்சிக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் கெஞ்சிக்கிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் முன்னால் பார்த்தார். பெட்டியும் கையுமாக ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் பார்த்தார். வரிசையின் முடிவு கண்ணுக்குத் தெரியவில்லை.

"வேண்டாம் மச்சான். அவரை வேற ஆள் வச்சுக்கச் சொல்லிடுங்க."

"தங்கச்சியைக் கேட்டீங்களா?"

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"ரொம்ப சந்தோஷம். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என் பேரை எடுக்காதீங்க." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மச்சானின் கோபம் அவரைத் தொடவில்லை. கன்சோல் வேண்டுமென்று மகள் கேட்டபோதெல்லாம், வேலை நிலைக்கட்டும் என்று தட்டிக்கழித்து வந்தார். இனி அந்தக் கவலை இல்லை. இன்றே வாங்கிக்கொண்டு போய், நல்ல செய்தியையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

முன்னால் நின்ற அம்மாள் பெட்டியோடு நகர்ந்துவிட்டார். கணக்கதிகாரியின் முறை வந்தது.

பில் போடும் பெண் தலை நிமிராமலே கேட்டாள். "ஃபேக்டரியா, ஆபீஸா சார்?"

"என்னம்மா?"

"எங்கேருந்து வர்றீங்கன்னு கேட்டேன். ஃபேக்டரி ஆளுங்க பெட்டியைப் பின்வாசல்ல திருப்பிக் கொடுத்துடணும். ஆபீஸ் ஆளுங்க கார் நிறுத்தற இடத்துல வேன் நிக்குது, அதுல வச்சுடணும். பர்ஸை உள்ள வைங்க சார், பில் எல்லாம் உங்க கம்பெனி பேர்லதான்."

அவர் திரும்பிப் பார்த்தார். வழுக்கைத் தலைக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லம்மா" என்றார் கணக்கதிகாரி. பர்ஸை அவர் உள்ளே வைக்கவில்லை. "நான் காசு கொடுத்து வாங்கத்தான் வந்தேன். என் பொண்ணுக்கு."

அந்தப் பெண் அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அப்படின்னா இன்னிக்கு எங்களுக்கு முதல் போணி நீங்கதான் சார்."