வலப்பக்கத்து நெஞ்சு

“பேருதான் கலியாணசுந்தரம். கெடுத்தது என் மகன் கலியாணத்தை!”

காஜா பேராங் தெருவே திரும்பிப் பார்த்தது. சேதுபதியின் தொண்டை அப்படி. ரகசியத்தைக்கூட ஏலம் போடும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் டிரெஸ்ஸர் கலியாணசுந்தரம் துணி மூட்டையோடு வாசலில் நின்றார். சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதைக்கு ஆஸ்பத்திரி ஆட்களும் வேண்டுமாம். தெருமுனையில் லாரி. பக்கத்தில் துப்பாக்கியோடு சிப்பாய்.

“சயாமுக்கு ஆள் புடிச்சப்ப என் மகன் சுப்பையனைப் படம் எடுத்தே. நெஞ்சு வலப்பக்கம் அடிக்குதுன்னே. வேணாம்னு அனுப்பிட்டாங்க. சரி. ஆனா சேதி பொண்ணு ஊரு செமாபோக் வரைக்கும் போயி, அவங்க வீட்டுல நிச்சயத் தட்டைத் திருப்பிக் குடுத்துட்டாங்க! பய பாயை விட்டு எந்திரிக்கிறதில்ல. மூச்சை இழுத்து விடவே பயப்படுறான்.”

“பயப்பட வேணாம்ணே. நெஞ்சு வலப்பக்கம் அடிச்சாலும் நூறு வயசு வாழலாம்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

டிரெஸ்ஸர் வாயைத் திறந்தார். சிப்பாயைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

“அந்தப் படம் தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடு. போதும்.”

“முடியாதுண்ணே. கும்புட்டுக் கேக்குறேன், சண்டை முடியுற வரைக்கும் யார்கிட்டயும் அது தப்புன்னு சொல்லிடாதீங்க.”

“எக்ஸ்ரே பிலிமே கெடைக்காத காலத்துல என் மகனுக்கு மட்டும் எங்கேருந்துய்யா வந்துச்சு?”

டிரெஸ்ஸர் மூட்டையின் முடிச்சை இறுக்கினார். நிலைப்படியில் நின்ற அவர் மனைவி பொன்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லாரி ஹார்ன் அடித்தது.

“போ, போ! ஊரான் பிள்ளைக்குப் படம் காட்டத் தெரிஞ்சவன், உனக்கும் ஒரு படத்தைக் காட்டித் தப்பிச்சிருக்கலாமே! அங்க சம்பளம் ஜாஸ்தியோ? நெஞ்சுல ஈரமே இல்லாத ஆளுய்யா நீ!”

ஆத்திரம் தாங்காமல் சேதுபதி அவர் மார்பில் கைவைத்துத் தள்ளினார்.

வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

வலது மார்பு. உள்ளங்கைக்கு அடியில் திக் திக்கென்று அடித்தது.

இடப்பக்கம் தொட்டுப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பேச வாயெடுத்தார். “அப்ப அந்தப் படம்…” என்று அந்தப் பெரிய தொண்டை கிசுகிசுத்தது.

கலியாணசுந்தரம் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் காதருகே குனிந்தார்.

“படத்தைப் பார்த்தாத்தான் ஜப்பான்காரன் நம்புவான். என்கிட்ட இருந்தது ஒரே படம்ணே.”