லாப்பனின் வாசல்

"உங்க வீட்டு நாய் வாத்தைத் தின்னுடுச்சு, குன்வோர்!"

பக்கத்து வீட்டு ஹெர்திஸ் அக்கா வேலிமேல் கவிழ்ந்து, கண்ணை உருட்டி, கையை ஆட்டி ஊரைக் கூட்டிச் சண்டை போட்டாள். அத்தனையும் கிசுகிசுப்பாக.

நார்வேக்காரர்களின் அந்தச் சின்னத் தீவில் மே மாதம் அப்படித்தான். கடல்வாத்துகள் முட்டையிடக் கரையேறும் காலம். பலகையில் குட்டி வீடு கட்டி, காய்ந்த கடல்பாசியில் மெத்தை போட்டு, ஊரே அவற்றுக்காகக் காத்திருக்கும். சத்தத்தில் வாத்து மிரளும் என்று யாரும் சுத்தியலைத் தொடமாட்டார்கள். பிள்ளைகளைத் திட்டுவதுகூடக் காதோடுதான். குஞ்சுகளோடு வாத்துகள் கடலுக்குத் திரும்பியதும், கூட்டில் விட்டுப்போகும் மெல்லிறகை விற்பதுதான் தீவுக்குப் பிழைப்பு.

"நீங்க கண்ணால பாத்தீங்களா அக்கா?"

"மூக்கு நிறைய இறகு! இன்னும் என்னத்தப் பாக்கணும்? வாயில வாத்துக்கால் தொங்கணுமா?"

குன்வோர் பதறிப்போய்க் கொல்லைப்பக்கம் ஓடினாள். பின்னாலேயே மகள் தூவா.

லாப்பன் தன் மரக்கூண்டின் வாசலில் குறுக்கே படுத்திருந்தது. மழையில் தொப்பலாக நனைந்திருந்தது. மூக்கில் சாம்பல் நிற மெல்லிறகு ஒட்டியிருந்தது நிஜம்தான்.

"அம்மா, அவன் கொஞ்ச நாளா உள்ளயே போறதில்ல. ராத்திரிகூட வெளியதான் படுக்கறான்."

"வாத்து வர்ற வழியப் பாத்துக்கிட்டுக் கிடக்கறான். திருட்டுப் பய!"

குன்வோர் குனிந்து கழுத்துப்பட்டியைப் பிடிக்கப் போனாள். லாப்பன் உறுமியது. குட்டியாக வந்த நாளிலிருந்து அவளைப் பார்த்து அது உறுமியதே இல்லை.

"பாத்தியா, பாத்தியா? தப்புப் பண்ணினவன்தான் இப்படி உறுமுவான்."

"கூண்டுக்குள்ள ஒரு தடவ பாரும்மா. ப்ளீஸ்!"

"என்னத்தப் பாக்க? தின்னது போக மிச்ச எலும்பையா?"

தூவாவின் முகம் சுண்டிப்போனது. அதைக் கவனிக்கிற நிலையில் குன்வோர் இல்லை. ஒரு வீட்டு நாயால் வாத்துகள் மிரண்டு போனால், தீவு முழுக்க அவளைத்தானே பேசும்!

மறுநாளே லாப்பனைக் கயிற்றில் கட்டிப் படகில் ஏற்றினாள். அக்கரையில் பெரியம்மா மகன் டோரால்வ் அண்ணனின் ஆட்டுப்பண்ணை இருக்கிறது. நாய் அங்கே கிடக்கட்டும்.

நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு வரமறுத்த நாயை இழுத்துத்தான் போக வேண்டியிருந்தது. படகு நகர்ந்ததும் லாப்பன் தன் கூண்டு இருந்த திசையைப் பார்த்துக் குரைத்தது. குரைத்துக்கொண்டே இருந்தது. கரையில் நின்றவர்கள் உதட்டில் விரல் வைத்து, "உஷ்... உஷ்..." என்றார்கள்.

தூவா அழுதாள். சத்தம் வராமல் அழுதாள். தீவில் வளர்ந்த பிள்ளை அல்லவா?

"நல்ல காரியம் பண்ணின குன்வோர்," என்று கிசுகிசுத்தாள் ஹெர்திஸ் அக்கா.

சாயங்காலம், கூண்டைக் கழுவி எடுத்து வைத்துவிடலாம் என்று குன்வோர் போனாள். மண்டியிட்டு உள்ளே பார்த்தாள்.

உள்ளே ஒரு கடல்வாத்து உட்கார்ந்திருந்தது.

அடியில் முட்டைகள். சுற்றிலும் தன் மார்பிலிருந்து பிடுங்கிப் போட்ட மெல்லிறகு. இறகோடு இறகாகப் பின்னிக்கிடந்தது லாப்பனின் மஞ்சள் முடி, கொத்துக் கொத்தாக.

பார்த்துப் பார்த்துக் கட்டிய இத்தனை குட்டி வீடுகளையும் விட்டுவிட்டு, இந்த வாத்து நாயின் வீட்டுக்கல்லவா வந்திருக்கிறது! வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு மழையில் படுத்திருந்தவனையா திருட்டுப் பய என்றோம்?

"தூவா..." என்று திரும்பினாள்.

பின்னால்தான் நின்றிருந்தாள் தூவா. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது குன்வோருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மேலே முட்டை திருடும் கடற்காகங்கள் வட்டமிட்டன. குன்வோர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கூண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். லாப்பன் படுத்த அதே இடத்தில். வாத்து அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னும் உள்ளே ஒடுங்கிக்கொண்டது. வெளியே எட்டி எட்டிப் பார்த்தது. அது தேடியது அவளை இல்லை.

விடிகாலையில் லேசாகக் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது கூண்டில் வாத்து இல்லை. முட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தன.

ஓடிப்போய் டோரால்வுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, நான் தப்புப் பண்ணிட்டேன்..."

"என்னது? கேக்கல! உங்க ஊர்ல எல்லாருக்குமா தொண்டை கட்டிக்கிச்சு? சத்தமாப் பேசு!"

"தப்புப் பண்ணிட்டேண்ணா!" என்று கத்தினாள் குன்வோர். மே மாதத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் ஹெர்திஸ் அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். "லாப்பனைத் திருப்பி அனுப்பிடுங்க!"

"தாராளமாக் கூட்டிட்டுப் போ தாயே! இப்படி ஒரு நாயை நான் பாத்ததே இல்ல. புதுசா ஒரு கூண்டு குடுத்தேன். ராத்திரி பூரா கொட்டற மழையில, உள்ள யாரோ தூங்கற மாதிரி, வாசல்ல குறுக்க படுத்துக்கிட்டு யாரையும் கிட்ட விடமாட்டேங்குது!"