செங்கோடனை வெட்டியவர்

முதல் வெட்டு வலது மணிக்கட்டில் விழுந்தது. கை தனியாகப் போய்ப் புல்லில் கிடக்க, செங்கோடன் அலறினான். கருவேங்கை அவன் தலைமயிரைப் பிடித்து மரத்தில் மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. பற்கள் உதிர்ந்தன.

"சத்தம் போடாதே. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்," என்றான் கருவேங்கை.

பிறகு வாளை மெதுவாக அவன் வயிற்றுக்குள் இறக்கினான்.

இந்திரகுமார் கணினித் திரையின் முன்னாலிருந்து நாற்காலி சரிய எழுந்தான். சனிக்கிழமை அரைநாள் வேலை. ரப்பர் தோட்ட ஆபிஸில் மற்ற கிளாக்கர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள்.

இணையத்தில் நாற்பது பேர் சேர்ந்து எழுதும் போர்க்கதை அது. ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு புனைபெயர். எந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. அதில் இரண்டு வருஷமாகத் தளபதியாக இருந்த செங்கோடன், இந்திரகுமார்தான்.

வீட்டிலும் மனைவி கோகிலாவிடம் அவன் சொல்வதெல்லாம் செங்கோடனின் வெற்றிகளைத்தான். கேட்கும்போது அவள் முகம் சுளித்தாலோ, சோறு ஆறியிருந்தாலோ, பேச்சு நின்றுவிடும், கை நீளும். போன மாதம் அவள் காதுச் சவ்வு கிழிந்தது அப்படித்தான். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொன்னாள். இந்தச் சனிக்கிழமையும் வழக்கம்போலத் தட்டச்சு வகுப்பு எடுக்கக் கேகாலைக்குப் போயிருந்தாள்.

திரையில் மற்றவர்களின் கேலி வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. 'தளபதி ஒரு வெட்டுக்கே தாங்கல்லியே' என்றது ஒன்று. 'அது சரி, காட்டுக்குள்ள ஏது பக்கத்து வீடு?' என்றது இன்னொன்று.

இந்திரகுமாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டோரைத் திறந்து, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தி ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கேகாலை பஸ் ஏறினான்.

பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்தது ஹஸீபின் இன்டர்நெட் கடை. திரைச்சீலை போட்ட ஆறு தடுப்புகள். அந்தக் கதைத் தளத்தை நடத்துவதும் ஹஸீப்தான்; கடை முகவரி தளத்திலேயே இருந்தது.

"கருவேங்கை யாரு?"

"நீங்கதான் செங்கோடனா? இரிங்க தம்பி. ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் பேசுவம்."

"யாருன்னு கேட்டேன்!"

"சாகிற வரைக்கும் சண்டைன்னு சம்மதம் எழுதினது நீங்கதானே? கதையில தோத்தா கதையோட விட்டிரணும்."

"அவன் வேணும்னே செய்யிறான். மூணு மாசமா வேற யாரையும் தொடல்ல. என்னைய மட்டுந்தான் அடிக்கிறான். பல்லுப் பல்லா எண்ணி ஒடைக்கிறான்!"

"நானும் அதக் கண்டேன். வெளிய ஏதும் கோபமான்னு தனியா எழுதிக் கேட்டேன். எழுதினா மனசு லேசாகுதுன்னு சென்னாங்க. சண்டைன்னு வந்தா நீங்களும் இப்பிடித்தானே எழுதுற. நான் என்னத்தச் செல்ல?"

"பேரச் சொல்லு."

"செல்ல ஏலாது. ஆள் விவரம் குடுத்தா நாளைக்கு ஒருத்தரும் எழுத வர மாட்டாங்க."

இந்திரகுமாரின் முஷ்டி ஹஸீபின் மூக்கில் இறங்கியது. மேசை சரிந்து மானிட்டர் தரையில் நொறுங்கியது. விழுந்தவனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கத்தியைக் கழுத்தில் வைத்தான். ஹஸீபின் பார்வை ஒரு கணம் தடுப்புகளின் பக்கம் போய்த் திரும்பியது.

"உள்ளுக்கா இருக்கான்?"

காலைப் பிடித்துத் தடுத்த ஹஸீபின் முன்கையில் கத்தி ஆழமாக இழுத்தது. இரத்தம் சிமெந்துத் தரையெல்லாம் தெறித்தது. இந்திரகுமார் முதல் சீலையைக் கிழித்தான். இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் அலறிக்கொண்டு படியை நோக்கி ஓடினார்கள். இரண்டாவது தடுப்பு காலி. மூன்றாவதிலிருந்த கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவரை உதைத்துத் தள்ளினான்.

"வெளிய வாடா! நேருக்கு நேர் வெட்டிப் பாருடா, நாயே!"

நாலாவது சீலையில் கை வைத்தபோது சத்தம் கேட்டுக் கீழேயிருந்து இரண்டு திரீவீல் டிரைவர்கள் பாய்ந்து வந்தார்கள். "அல்லகன்ன, அல்லகன்ன!" பிடியுங்கள் என்று சிங்களத்தில் கத்திக்கொண்டே ஒருவர் அவனைப் பின்னாலிருந்து அமுக்கிப் பிடித்தார். மற்றவர் கையை முதுகுப் பக்கம் முறுக்க, கத்தி விழுந்தது. திமிறியவனின் முகத்தைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார்கள். உதடு கிழிந்தது.

அப்போது நாலாவது சீலை அசைந்தது.

ஹஸீப் வெட்டுப்பட்ட கையை உடுத்தியிருந்த சாரத்தின் நுனியால் சுற்றிக்கொண்டே கத்தினான்.

"தங்கச்சி, வெளிய வராதீங்க! இவன் உங்களத்தான் தேடி வந்தவன்!"

அவள் வந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தரையில் கிடந்த கத்தியைத் தாண்டி, நாலடி தள்ளி நின்றாள். இந்திரகுமார் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"கோகிலா... நீயா? நீயா என்னைய வெட்டுன?"

"நான் கதையில மட்டுந்தாங்க வெட்டுனேன்."