தலைமாட்டுச் சுவர்

நான் வந்தபோது இந்தச் சுவர் நீலமாக இருந்தது. கட்டில் புதுசு. பீரோ புதுசு. சன்னல் திரைகூடப் புதுசு. எல்லாம் எனக்காக.

மகுடீஸ்வரி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டைப் பார்க்க வந்திருக்கும் ரித்திகா கேட்டால் சொல்லலாம் என்று நின்றிருந்தாள்.

ராஜ வீதிக்குப் பின்சந்தில் மிஞ்சியிருக்கும், நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடுகளில் இதுவும் ஒன்று. ரித்திகா பழைய கட்டடங்களைப் பற்றிப் படித்தவள். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிவந்து இந்த வீட்டைச் சுற்றிக் காட்டப்போகிறாள். அறைக்கு அறை ஒரு சின்னப் பலகை இருக்கும், அந்தந்த அறையின் கதையோடு.

காலையில் வந்ததுமே சிணுங்கினாள். "கதவத் தட்டித் தட்டிக் கை வலிச்சுப்போச்சுங்க."

மகுடீஸ்வரியின் கணவர் நஞ்சுண்டன் சிரித்தார். "ரெண்டு பக்கமும் நகைப் பட்டறைங்க. இந்த ஊட்டுல எந்தக் கதவத் தட்டுனாலும் காதுல உழுகாது. போனப் போடோணும்."

அதன்பிறகு இந்த அறைக் கதவைப் படம் எடுத்தாள். உள்பக்கம் சின்னத் தாழ்ப்பாள்தான். வெளிப்பக்கம் முழங்கை நீளத்துக்கு இரும்பு நாதாங்கி. படுக்கையறைக்கு எதற்கு இது என்று கேட்டாள். அந்தக் காலத்தில் பஞ்சு மண்டிப் பணம் வைத்த அறை என்றார் நஞ்சுண்டன்.

கட்டிலை இழுத்துப் போட்டபோது மகுடீஸ்வரிக்குக் கூச்சமாகிவிட்டது. முப்பது வருடத்துத் தலை எண்ணெய் சுவரில் வட்டமாகப் படிந்திருந்தது. பெயிண்ட் அங்கே மட்டும் பொரிந்து உரிந்திருந்தது.

"இதேதாங்க நல்ல எடம்" என்று ரித்திகா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அடியில் இருக்கும் பழைய நிறங்களைப் பார்க்கச் சின்னக் கத்தியால் ஒவ்வொரு பூச்சாகச் சுரண்டினாள். ஒன்றில் விரலளவு விட்டு அடுத்தது, படிக்கட்டு மாதிரி.

கிரீம் வந்தது. பையன் கல்யாணத்துக்கு அடித்தது என்றாள் மகுடீஸ்வரி. ரோஸ் வந்தது. புள்ளை பெரியவளாகிச் சீர் வைத்தபோது அடித்தது.

"செவுத்துக்கு அடிச்ச காசுக்கு ஒரு மில்லு வாங்கியிருக்கலாமுங்க." நஞ்சுண்டன் நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தார்.

நீலம் வந்தது.

"நான் வந்தப்ப" என்று முந்திக்கொண்டாள் மகுடீஸ்வரி. "சுண்ணாம்பு வாசம்கூடப் போகலைங்க."

நீலத்துக்கு அடியில் கறுப்பு.

அது பெயிண்ட் இல்லை. ரித்திகா தொட்டதும் விரலில் ஒட்டியது. அவள் கொஞ்சம் மேலே சுரண்டினாள். அங்கேயும் கறுப்பு. இன்னும் மேலே, இன்னும் அடர்த்தியாக.

"கரிங்க!" விரலைத் தூக்கிக் காட்டினாள். "அடுப்பு இங்கயா இருந்துச்சு? நீங்க வந்துதான் பின்கட்டுக்குத் துரத்துனீங்களா, அம்மா?"

நஞ்சுண்டன் நிலைப்படியை விட்டு உள்ளே வந்தார்.

"ஆமாங்க. அப்பெல்லாம் இதுதான் சமையக்கட்டு."

மகுடீஸ்வரி சுவரைப் பார்த்தாள்.

அவளுக்கு முன்னால் இந்த வீட்டில் கமலவேணி இருந்தாள், நஞ்சுண்டனின் முதல் மனைவி. சமையல்கட்டில் ஸ்டவ் வெடித்துச் செத்துப்போனாள் என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். மறைக்கவில்லை. மறைக்கவில்லை என்பதற்காகவே அப்பா சம்மதித்தார்.

வந்த புதிதில் பின்கட்டுச் சமையல்கட்டில் அவள் தேடிப் பார்த்திருக்கிறாள். சுவரில், உத்தரத்தில், மேடைக்கடியில். அன்றாடப் புகையைத் தவிர வேறொன்றும் இல்லை. எவ்வளவு சுத்தமாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள் என்று மாமியாரை மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அடுப்பை அணைத்த பிறகும் ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள், கமலவேணிக்காக. பிறகு இங்கே வந்து இந்தச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்வாள்.

அவளுடைய எண்ணெய்தான் ஊறி ஊறி இந்தப் பூச்சை உரித்திருக்கிறது.

ரித்திகா போனில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். "‘பழைய சமையல்கட்டு’ன்னு போட்டுக்கறேங்க. தகவல் சொன்னவங்கன்னு அடியில அம்மா பேரு. பொம்பளைங்க சொன்னாத்தான் சமையக்கட்டு விசயத்த நம்புவாங்க. போட்டுக்கட்டுங்களா?"

"போடச் சொல்லு, அம்மணி" என்றார் நஞ்சுண்டன், மகுடீஸ்வரியைப் பார்த்து.

குரல் மிருதுவாக இருந்தது. அவர் அவளை ஒருநாளும் அதட்டியதில்லை. கமலவேணியையும் அதட்டியதில்லை என்று மாமியார் சொல்வாள்.

கதவு திறந்து கிடந்தது. நாதாங்கி வெளியே தொங்கியது. உள்ளே இருப்பவருக்கு அது எட்டாது.

"சமையக்கட்டு எப்பவும் பின்கட்டுலதானுங்க, கண்ணு" என்றாள் மகுடீஸ்வரி. "என் பேரப் போடாதீங்க."

ரித்திகா தட்டச்சை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நஞ்சுண்டன் குனிந்து கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். தேக்குக் கட்டில். சுவரோடு சேர்த்துத் தள்ள இரண்டு பேர் வேண்டும்.

"ஒரு கை புடி, அம்மணி."

பக்கத்துப் பட்டறையில் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

மகுடீஸ்வரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.