இங்கிலீஷில் ஒரு கைது

மானத்தின் விலை நான்கு லட்சம் என்று போனில் இருந்தவர் சொன்னார். மற்ற சரக்கென்றால் பாதி விலைக்குக் கேட்டுப் பார்க்கலாம். மானத்துக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. அந்த வியாபாரம் நடப்பதே அதனால்தான்.

மூடிய கதவுக்கு வெளியே தையற்காரரின் மனைவி காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கிலீஷில் அவளுக்குத் தெரிந்தது எண்களும் "அரெஸ்ட்" என்ற வார்த்தையும்தான். இரண்டும் காதில் விழுந்துவிட்டன. பாங்கில் இருப்பதும் சரியாக நான்கு லட்சம். வாடகைக் கடையைச் சொந்தமாக்க, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது.

ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள். தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்த போனில் ஒரு தொப்பி, ஒரு மீசை, நிறையக் காக்கி. எதிரே இஸ்திரி போட்ட சட்டையில் கணவர்.

"யெஸ் சார். ஐ ஆம் கில்ட்டி, சார்."

கதவைத் தட்டினாள். ஒரு சாண் திறந்தது.

"என்னங்க நடக்குது உள்ளே?"

"ஷ்ஷ்! நான் கைதுல இருக்கேன். குடிக்கத் தண்ணி குடு. ஒரு குடமாவே குடு."

முகம் காய்ச்சல் கண்டதுபோல் மினுமினுத்தது. கதவு மூடிக்கொண்டது.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். அவனுக்குப் பாங்கில் வேலை.

"டேய், உங்க மாமாவைப் போன்லயே கைது பண்ணிட்டாங்கடா!"

"ஐயோ அக்கா, அது போலீஸே இல்ல! ஃப்ராடு கும்பல். பயமுறுத்தி அக்கவுண்ட்டைத் துடைச்சு எடுத்துடுவாங்க. பாஸ்புக் எங்கே?"

"என் மடியிலதான் இருக்கு."

"எழுந்திருக்காதே. இதோ வர்றேன்."

அவன் வருவதற்குள் விவகாரம் தெரு முழுக்கப் பரவியது. முதலில் பஸ் டிரைவர் வந்தார். "தங்கச்சி, அரெஸ்ட் உள்ளேதானே?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே போனார். அடுத்து மருந்துக் கடைக்காரர். கடைசியாக, அழகு நிலையம் வைத்திருக்கும் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "முடிஞ்சிடலையே அக்கா?"

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவளுடைய அழுகுரல் கேட்டது. "சார்! ஐ கில்டு மை மதர்-இன்-லா, சார்!"

தையற்காரரின் மனைவி மடியிலிருந்த பாஸ்புக்கை நழுவவிட்டாள். அந்த மாமியார் காலையில்தான் துணியில் அளவு தப்பென்று கடை வாசலில் சண்டை போட்டுவிட்டு, தெம்பாக நடந்து போயிருந்தார்.

தம்பி வந்தான். வந்த வேகத்தில் தோளால் கதவை மோதினான். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை, நேராகப் போய்த் துணிக் குவியலில் விழுந்தான்.

வட்டமாக நாற்காலிகள். நடுவில் டிரைவர் நின்றுகொண்டு, "ஐ ஸ்டோல் எ பஸ், சார். வெரி பிக் பஸ்," என்று கணீரென்று ஒப்புக்கொண்டிருந்தார். போனுக்குள் அதிகாரி தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கட் பண்ணுங்க! அவன் திருடன்!"

தையற்காரர் எழுந்து வந்து, ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்துக்கொண்டார்.

"அது காலைலயே தெரியும்டா. மெதுவாப் பேசு, கோச்சுக்கிட்டு வெச்சிடப் போறார். தமிழ் பேசறதா இருந்தா நீயும் வெளியே வா. உள்ளே பேசினா வார்த்தைக்குப் பத்து அபராதம்."

"என்னது?"

"நாங்க நாலு பேரும் சேர்ந்து இங்கிலீஷ் பழகறோம். மருந்துக் கடை மாடியில, தினமும் சாயங்காலம்."

"பட்டன் வாங்கப் போறேன்னு சொன்னது இதுக்கா?" என்றாள் மனைவி. "அதான் ஒரு நாளும் பட்டன் வரலை!"

"நீ சிரிப்பேன்னுதான் சொல்லலை. ஆனா எங்களுக்குள்ளேயே எவ்வளவு நாள்தான் 'ஹவ் ஆர் யூ' கேட்டுக்கறது? எல்லாரும் ஃபைன்னு சொல்லிடறோம். அதுக்கு மேல வண்டி நகர மாட்டேங்குது. இவர் காலைலேர்ந்து விடாம கேள்வி கேக்கறார். அதட்டறார். லைனைக் கட் பண்ணக் கூடாதுன்னு அவரே சட்டம் போட்டிருக்கார். காசு குடுத்தாலும் இப்படி ஒரு ஆள் கிடைப்பாரா?"

கடை ஓனர் முன்னால் எச்சில் விழுங்கவே பயப்படும் மனிதர் இப்படிப் பேசியதில் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பணம்?" என்றான் தம்பி.

"அதைக் கேக்கறப்பல்லாம் நான் அடுத்த கொலையை ஒத்துக்கறேன். விசாரணை மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்குது."

போனுக்குள் அதிகாரியின் பொறுமை போயிற்று.

"யோவ்! பணம் அனுப்புவீங்களா, மாட்டீங்களா? எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் அவ்வளவும் காலி!"

"இங்கிலீஷ் ப்ளீஸ்!" என்று நால்வரும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

அழகு நிலையப் பெண் விரல் மடக்கினாள். ஒன்பது வார்த்தைகள். "இங்கிலீஷ்" என்பது இங்கிலீஷ்தானே என்று தாராளமாகத் தள்ளுபடி செய்தாள். "எய்ட்டி, சார். திஸ் நம்பர் ஒன்லி. ப்ளீஸ் சென்ட்."

அதிகாரி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு லைனைத் துண்டித்தார்.

தம்பி அதிகாரியின் எண்ணை எழுதிக்கொண்டு நிஜப் போலீசைத் தேடிப் போனான். மனைவி பாஸ்புக்கைப் பீரோவில் வைத்து, சாவியை இடுப்பில் செருகினாள். இருட்டும் நேரத்தில் தையற்காரரின் போன் சிணுங்கியது. பாங்குச் செய்தி. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பணம் போகவில்லை, வந்திருந்தது. கூடவே இங்கிலீஷில் ஒரு வரி: "சார், நாளைக்கும் இதே நேரம் வரலாமா? என் இங்கிலீஷில் தைரியம் போதவில்லை என்று எங்கள் மேனேஜரும் திட்டுகிறார்."

தையற்காரர் கணக்குப் பார்த்தார். அதிகாரி வகையில் அபராதம் எண்பது, வரவு ஐம்பது, பாக்கி முப்பது.

அதைக் கட்டினால்தான் அடுத்த கைது.