வராத ரயில்

"நான் இருக்கும்போது நீ எதுக்குக் கார் ஓட்டக் கத்துக்கணும்?" என்று கல்யாணமான புதிதில் தோமோயா கேட்டபோது, "அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டாள் சிஹாரு.

போன வருடம் அவன் வலது கால் பலமிழந்தது. அதன்பின் கார் வாசலிலேயே நின்றது. கடல் என்றால் உயிரை விடுகிறவன், இப்போது டிவியில் கார் பந்தய வீடியோ கேமோடு கிடந்தான்.

அதில் கடலலையும் பைன் மரமும் நிஜம்போலவே மின்னின. கார் மட்டும் லேசாகத் திருப்பினாலே சுவரில் முட்டியது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"வண்டியா இது, வழுக்குற சோப்பு. நீ ஓட்டிப் பாரு" என்று கன்ட்ரோலரை மனைவியிடம் நீட்டினான்.

சிஹாரு எங்கும் முட்டவில்லை. ஆனால் ரயில்வே கேட் வந்ததும் காரை நிறுத்தினாள். மற்ற கார்களெல்லாம் பறந்தன.

"கேட் திறந்துதானே இருக்கு? பந்தயத்துல யாராவது நிப்பாங்களா?" என்று சிரித்தான் தோமோயா.

அவள் பொத்தானை அழுத்தித் திரையிலிருந்த காரின் கண்ணாடியை இறக்கி, தலையைச் சாய்த்துக் காதுகொடுத்துக் கேட்டாள். பிறகுதான் நகர்ந்தாள். கடைசி இடம்.

தோமோயாவின் சிரிப்பு நின்றது.

"கேட் திறந்திருந்தாலும் நின்னு, கண்ணாடிய இறக்கி ரயில் சத்தம் கேக்கச் சொல்றது டிரைவிங் ஸ்கூல்லதானே? நீ எப்போ அங்க போன?"

சிஹாருவின் காது சிவந்தது. "தையல் வகுப்புன்னு சொல்லிட்டுப் போனேனே, அப்போதான். நேத்து லைசென்ஸ் வந்துடுச்சு."

"அப்போ நீ தைச்ச துணிப்பை?"

"கடையில வாங்கினது."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில், மாதக்கணக்காக மனதிலிருந்ததை அவள் கேட்டுவிட்டாள்.

"நாளைக்குக் கடலுக்குப் போலாமா? நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து வருவீங்களா?"