வைப்பர் சரி செய்தது யார்?

என் அப்பா காலத்துக் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டு, வைப்பரை ஆட்டும் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தாள் என் மகள் சண்முகப்ரியா. முழங்கைவரை கிரீஸ்.

“வேப்பூர்லேருந்து பொண்ணு பாக்க வராங்க. கருமம், போயிக் கையக் கழுவு!”

“ஒரே நட்டுதாம்பா, முடிஞ்சிடுச்சு.”

அவளை உள்ளே விரட்டினேன்.

காபி குடித்துக்கொண்டே மாப்பிள்ளையின் அப்பா வாசலைப் பார்த்தார். “பானெட்டு தெறந்திருக்குதே, யாருங்க வேலை பாத்தது?”

“மெக்கானிக்குங்க. எம் பொண்ணு காரத் தொட்டதே இல்ல. கௌரவமா வளத்திருக்கேன்.”

அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

“மன்னிச்சுக்குங்க. பழைய காரு வேலை தெரிஞ்ச பொண்ணு இந்தத் தெருவுல இருக்குதாம். கட்டுனா அவளத்தான் கட்டுவேன்னு பையன் நிக்கிறான். தரகரு வூடு மாத்திச் சொல்லிட்டாரு போல.”